அம்மா ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், அப்பா நைட் ஷிஃப்ட்... பாப்பாவுக்கு யார் டீச்சர்?

ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வாரம் என்றால் எனக்கு அலாரம் 4.30-க்கு. 5.20-க்கு சுங்குவார்சத்திரம் கூட்ரோட்டில் கம்பெனி பஸ் ஏறிவிட வேண்டும். நைட் ஷிஃப்ட் முடித்து என் கணவர் வீட்டுக்கு வர 7.30 ஆகிவிடும். நடுவில் இருக்கும் இரண்டு மணி நேரம் பாப்பா என் மாமியார் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருப்பாள். அத்தை ஊருக்குப் போயிருக்கும் நாள்களில் பக்கத்து போர்ஷன் அக்காவின் கதவைத் தட்டி, தூங்குகிற பிள்ளையை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டு ஓடுவேன்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம், வல்லம், மாத்தூர் வரை எந்தத் தெருவில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். 'எங்க வீட்டுலயும் இதேதான்' என்று பத்துப் பேராவது சொல்வார்கள்.

இந்தப் பக்கத்தின் வளர்ச்சிக் கதை எல்லோருக்கும் தெரியும். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ கார் வெளியே வந்தது. 2006-ல் நோக்கியா வந்தது, 2014-ல் போனது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான். அப்புறம் லாரி, புல்லட், செல்போன் என்று வந்துகொண்டே இருக்கிறது. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறோம். எத்தனை கார், எத்தனை போன் என்பதெல்லாம் செய்தியில் வருகிறது. எங்கள் வீடுகளில் மூன்று வயதில் ஒன்று, நான்கு வயதில் ஒன்று என்று உட்கார்ந்திருக்கிறதே, அதற்கு யார் 'அ' சொல்லிக்கொடுப்பது? அது மட்டும் எங்கள் வீட்டோடு நின்றுவிடுகிறது.

நாலு பக்கம் ஹோம்வொர்க்

பாப்பாவுக்கு மூன்றரை வயதில், எல்லோரையும்போல நாங்களும் எல்.கே.ஜி-யில் சேர்த்தோம். ஸ்கூல் பெயர் வேண்டாம். வாசலுக்கே வேன் வந்தது, டை இருந்தது, ஷூ இருந்தது. இரண்டாவது மாதத்திலிருந்து தினமும் நான்கு பக்கம் எழுத்து வேலை வந்தது. எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து, பிள்ளையின் கைக்கு மேல் என் கையை வைத்து ஏ, பி, சி, டி எழுதவைப்பேன். அந்த வயதில் மணிக்கட்டின் சிறு எலும்புகள் சில இன்னும் எலும்பாகவே இறுகியிருக்காது என்பது எனக்கு அப்போது தெரியாது. 'மத்த பிள்ளைங்க எழுதுதே' என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் காலை வேன் ஹாரன் சத்தம் கேட்டதும் நின்ற இடத்திலேயே சிறுநீர் போய்விட்டாள். அந்த வாரம் மூன்று தடவை அப்படி நடந்தது. நான் அவளைத் திட்டினேன். ஒருமுறை அடித்தும் இருக்கிறேன். அதை விட்டுவிட்டு இந்தக் கட்டுரையை எழுத மனசு வரவில்லை.

ஸ்கூலை நிறுத்தினோம். உடனே எல்லோரும் எனக்குச் சொன்ன யோசனை ஒன்றுதான்: "நீ வேலையை விட்டுடு. வீட்டுல உக்காந்து பிள்ளைக்குச் சொல்லிக்குடு." அம்மா சொன்னார், நாத்தனார் சொன்னார், லைனில் பக்கத்தில் நிற்கும் பெண்கூட சொன்னாள். என் கணவரை வேலையை விடச் சொல்லி ஒருவர்கூடச் சொல்லவில்லை என்பது தனிக்கதை.

பிடித்தம் போக என் கைக்கு வருவது 16,000 சொச்சம். வாடகை 6,000. நாத்தனார் கல்யாணக் கடன் இன்னும் இரண்டு வருடம் ஓடும். நான் நின்றுவிட்டால் ஒரு சம்பளத்தில் இதெல்லாம் நிற்காது. அதனால் வேலையை விடவில்லை. பிள்ளைக்கு வீட்டில்தான் பாடம் என்றும் முடிவு செய்தோம். இரண்டும் ஒன்றாக எப்படி நடக்கும் என்று எங்களுக்கே தெரியாது.

முதலில் நாங்கள் செய்தது சுத்த முட்டாள்தனம். சுவரில் சார்ட், சார்ட்டுக்குப் பக்கத்தில் டைம்டேபிள், ஆன்லைனில் 500 ரூபாய்க்கு ஒர்க்ஷீட் கட்டு. காலை 9 முதல் 9.30 வரை ஆங்கிலம், 9.30 முதல் 10 வரை கணக்கு. டீச்சர் யார் தெரியுமா? இரவெல்லாம் விழித்துவிட்டு வந்த என் கணவர். மூன்றாவது நாளே டீச்சர் தூங்கிவிட்டார். மாணவி அவர் மணிக்கட்டில் ஸ்கெட்ச் பேனாவால் வாட்ச் வரைந்து வைத்திருந்தாள். அந்த வாட்ச் நன்றாகத்தான் இருந்தது, முள் மட்டும் நாலு.

"வீட்ல இவகிட்ட என்ன பேசுவீங்க?"

வேறு வழி தெரியாமல் தெருக்கோடியில் இருக்கும் பால்வாடிக்கு அழைத்துப்போனேன். அங்கன்வாடி என்று போர்டில் இருந்தாலும் எங்களுக்கெல்லாம் அது பால்வாடிதான். தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. 'அங்க போனா சாப்பாடு போட்டுத் தூங்கவெப்பாங்க' என்று அதுவரை நானும் இளக்காரமாகத்தான் நினைத்திருந்தேன். 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்று அவர்களுக்கென்று ஒரு பாடத்திட்டமே இருக்கிறது என்பது உள்ளே போன பிறகுதான் தெரிந்தது.

அந்த டீச்சர் நோட்டைக் கேட்கவில்லை. என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டார். "வீட்ல இவகிட்ட என்ன பேசுவீங்கம்மா?"

என்ன பேசுவோம்? யோசித்துப் பார்த்தேன். சாப்பிடு. தூங்கு. செருப்பு போடு. இதையெல்லாம்விட அதிகமாக நாங்கள் சொன்ன ஒரு வார்த்தை இருந்தது: "சத்தம் போடாதே, அப்பா தூங்குறார்."

ஷிஃப்ட் வீட்டுக்காரர்களுக்கு இது புரியும். பத்துக்குப் பதினாறு அடியில் ஒரு ரூம், ஒரு சமையலறை. நைட் முடித்து வந்தவர் பகல் முழுக்கத் தூங்கியே ஆக வேண்டும், இல்லையென்றால் மெஷினில் கையைக் கொடுத்துவிடுவார். அவர் தூங்க வேண்டுமென்றால் பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது. கையில் போனைக் கொடுத்து சவுண்டை மியூட் செய்துவிட்டால் வீடு கப்சிப். எல்.கே.ஜி-யில் இவள் பேசாமல் இருந்ததை 'கூச்ச சுபாவம்' என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். பேசாமல் இருக்கப் பழக்கியது நாங்கள்தான்.

பாடம் சொல்லித்தர ஆள் இல்லை என்று நாங்கள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். அந்த வீட்டில் அதற்கும் முன்னால் காணாமல் போனது பேச்சு.

அன்றைக்கே டைம்டேபிளைக் கிழித்தேன் என்று எழுதினால் சினிமாவாக இருக்கும். அப்படிச் செய்யவில்லை. ஆனால், வீட்டின் நேரத்தை மாற்றினோம். காலை 9.30-க்கு அத்தை பாப்பாவை பால்வாடியில் விட்டுவிடுவார். மதியம் கூட்டிவந்ததும் வீட்டுக்குள் வராமல், காம்பவுண்டு வேப்பமரத்தடியில் இருவரும் உட்கார்ந்துகொள்வார்கள். அப்பா 2 மணிவரை நிம்மதியாகத் தூங்குவார். எழுந்து குளித்ததும் பிள்ளை அவர் பொறுப்பு. நான் வருவதற்குள் டீக்கடைக்கு ஒரு நடை போய்வருவார்கள்.

அந்த டீக்கடை நடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ரோட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டால் தூசியும் லாரியும் என்றுதான் நான் சொல்லியிருப்பேன். அவர்கள் இருவருக்கும் அதுவே பாடப் புத்தகம் ஆகிவிட்டது. புது கார்களை அடுக்கிக்கொண்டு போகும் நீளமான டிரெய்லர் வந்தால் மேல் தட்டில் எத்தனை கார், கீழ்த்தட்டில் எத்தனை என்று எண்ண வேண்டும். சிவப்பு எத்தனை, வெள்ளை எத்தனை. கன்டெய்னர் லாரிக்கு இந்தப் பக்கம் இத்தனை டயர் என்றால் அந்தப் பக்கம் எத்தனை இருக்கும்? கம்பெனி பஸ்களின் முன்கண்ணாடியில் காஞ்சிபுரம், வாலாஜாபாத், அரக்கோணம், திருவள்ளூர் என்று ஊர்ப் பெயர் ஒட்டியிருப்பார்கள் இல்லையா? பாப்பாவுக்கு முதலில் தெரிந்த தமிழ் எழுத்து 'அ' இல்லை. காஞ்சிபுரம் பஸ்ஸின் 'கா'. "காக்கா கா" என்று அவளாகவே ஒருநாள் கத்தினாள். அப்பாவும் ரோட்டில் நின்று சேர்ந்து கத்தினாராம்.

மாமியார் நடத்திய வகுப்பு

என் மாமியாருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். "நான் இன்னாத்த சொல்லிக்குடுக்கறது? படிச்சவங்க நீங்க பாருங்க" என்று ஆரம்பத்தில் ஒதுங்கியே இருந்தார். ஆனால், மரத்தடியில் நடந்ததைப் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது, யார் படித்தவர் என்று.

பல்லாங்குழிப் பலகை எங்கள் வீட்டில் இல்லை. அத்தை மண்ணில் 14 குழி தோண்டி, புளியங்கொட்டையால் விளையாடக் கற்றுக்கொடுத்தார். குழிக்கு ஐந்து. எடுத்து ஒவ்வொன்றாகப் போட வேண்டும். எண்ணிக்கை, மிச்சம், முன்யோசனை, தோற்றால் அழாமல் இருப்பது எல்லாமே அதற்குள் இருக்கிறது. துவரம்பருப்பையும் உளுந்தையும் கலந்துகொட்டி "பிரிச்சுக் குடு கண்ணு" என்பார். அவருக்கு அது சமையல் வேலை. நான்கு வயதுக் கைக்கு அது விரல் பயிற்சி. கோலமாவை இரண்டு விரலால் கிள்ளிப் புள்ளி வைக்கும் விரல்கள்தான் பின்னால் பென்சிலையும் பிடிக்கப்போகின்றன. ஆறு மாதம் பென்சில் தொடாமல் வெறும் கோலப்பொடியோடு இருந்த பாப்பா, ஒருநாள் சாக்பீஸ் எடுத்து வாசலில் 'ட' போட்டாள். அடுத்து 'ப'. நேர்க்கோடு எழுத்துகளாக வந்ததால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்க வேண்டும். வளைந்து நெளியும் 'அ'-வை முதலில் கொடுத்துப் பிள்ளையை ஏன் மிரட்டுகிறோம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

இதெல்லாம் ஏழைகளின் சமாதானம், பணம் இருந்தால் மான்டிசோரி ஸ்கூலில் சேர்த்திருப்போம் என்று நானும் நினைத்ததுண்டு. அதனால் மான்டிசோரி யார் என்று தேடிப் படித்தேன். மரியா மான்டிசோரி இத்தாலியில் டாக்டர். 1907 ஜனவரியில் ரோம் நகரத்தின் சான் லொரென்ஸோ என்ற பகுதியில் அவர் தன் முதல் இடத்தைத் தொடங்கினார். அது பணக்காரர்களின் பேட்டை இல்லை. அப்பாவும் அம்மாவும் கூலி வேலைக்குப் போய்விட, அடுக்குக் குடியிருப்பில் தனியாகத் திரிந்த பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. அதற்கு வைத்த பெயரும் பள்ளிக்கூடம் இல்லை, 'குழந்தைகள் வீடு'. பெருக்குவது, தண்ணீர் ஊற்றுவது, பட்டன் போடுவது என்று வீட்டு வேலைகளும் அங்கே பாடம். அந்த அம்மா 1939-ல் நம் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இரண்டாம் உலகப்போர் வந்து ஊர் திரும்ப முடியாமல்போக, கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார். கூலிக்காரர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய முறையின் பெயர் இன்று ஏ.சி. பிளே ஸ்கூல் போர்டுகளில் தொங்குவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் எரிச்சலும் வருகிறது.

பேச்சும் விளையாட்டும் மட்டும் போதுமா என்று கேட்பவர்களுக்கு இன்னொரு தேசத்துக் கதை இருக்கிறது. கரீபியன் கடலில் இருக்கும் ஜமைக்காவில், கிங்ஸ்டன் நகரத்தின் ஏழைக் குடும்பங்களில், 1986-87-ல் ஓர் ஆய்வு தொடங்கியது. ஊட்டமில்லாமல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகள், எல்லோருக்கும் 9 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் வயது. ஒரு பகுதிக் குழந்தைகளின் வீட்டுக்கு உள்ளூர் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒரு மணி நேரம் போனார். பிள்ளையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று அம்மாவுக்குக் காட்டினார். வீட்டில் கிடைப்பதை வைத்துச் செய்த பொம்மைகள்தான். இரண்டு வருடம் இப்படி நடந்தது. இருபது வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோது, அந்த விளையாட்டு கிடைத்த பிள்ளைகள் கிடைக்காதவர்களைவிட 25 சதவிகிதம் அதிகம் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். 2014-ல் இது வெளியானது. எங்கள் பால்வாடி டீச்சர் கேட்ட கேள்விக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது.

போனைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டிலிருந்து நான்கு வயதுப் பிள்ளைகளுக்குத் திரை நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணிக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. ஒரு வயதுக் குழந்தைக்கு அதுவும் வேண்டாம். எங்கள் வீட்டில் அது ஒரு மணியில் நின்றதே இல்லை. பொய் சொல்ல மாட்டேன். ஆனால், போனை வேறு மாதிரியும் பயன்படுத்தலாம் என்று கண்டுபிடித்தோம். லைனுக்குள் எங்களை போன் எடுத்துப்போக விட மாட்டார்கள். லாக்கரில் வைத்துவிட வேண்டும். அதனால் முந்தின இரவே ஒரு கதையைச் சொல்லி அத்தை போனுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிடுவேன். மூன்று நிமிடக் கதை, முடிவு சொல்லாமல் நிறுத்திவிடுவேன். மதியம் சாப்பிடும்போது அவள் கேட்பாள். முடிவை அவள் சொல்லி எனக்கு அனுப்ப வேண்டும். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஹெட்செட்டில் அதைக் கேட்பேன். நரி எல்லாக் கதையிலும் கடைசியில் பிரியாணி சாப்பிட்டது.

எங்கள் மாடியில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று இருக்கிறது. அவர்கள் பையனுக்கு ஐந்து வயது. அவன் அம்மா என்னிடம், "தீதி, வீட்ல தமிழ்லயே பேசணுமா? எனக்குச் சரியா வரலையே" என்று உடைந்த தமிழில் கேட்டாள். வேண்டாம், உங்கள் ஒடியாவிலேயே நிறையப் பேசு என்று சொன்னேன். தாய்மொழியில் தொடங்குவதுதான் பிள்ளைக்கு நல்லது என்று யுனெஸ்கோ 1953-லேயே சொல்லியிருக்கிறது. தமிழை அவன் என் பாப்பாவிடம் சண்டை போட்டே கற்றுக்கொண்டான். எங்கள் பாப்பாவுக்கு ஒடியாவில் பத்து வரை எண்ணத் தெரியும். எனக்குத் தெரியாது.

அப்படியே வீட்டிலேயே படிக்க வைத்துவிடலாமா?

இப்படி எழுதியதும் சிலர் கேட்பீர்கள், இவ்வளவு நன்றாகப் போனால் பள்ளிக்கூடமே எதற்கு என்று.

வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுப்பது நம் ஊருக்குப் புதிதில்லை. மதராஸ் மாகாணத்தின் கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ, 1822-ல் எல்லா மாவட்டக் கலெக்டர்களிடமும் பள்ளிகள் எத்தனை, பிள்ளைகள் எத்தனை என்று கணக்குக் கேட்டார். 1826-ல் தொகுத்துப் பார்த்தபோது, மதராஸ் நகரத்தில் வீடுகளில் படித்த பிள்ளைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய 27,000 என்று இருந்தது. பள்ளிகளில் படித்தவர்களைப்போல் ஐந்து மடங்கு. மன்றோவே 'இதில் ஏதோ தவறு இருக்கலாம்' என்று சந்தேகப்பட்டார். தரம்பால் என்ற ஆய்வாளர் இந்த ஆவணங்களை 1983-ல் நூலாகவே கொண்டுவந்தார். எண்ணிக்கை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கட்டும். அந்தக் கணக்கில் பெண் பிள்ளைகள் மிகச் சொற்பம். வீட்டுக்கே வாத்தியார் வருவது வசதி இருந்தவர்களுக்கு வாய்த்தது. கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த என் மாமியாரின் முப்பாட்டிக்கு அந்தத் திண்ணையில் இடம் இருந்திருக்காது. எல்லோருக்கும் திறந்த பள்ளிக்கூடம் வந்துதான் எங்கள் குடும்பத்தில் எழுத்து நுழைந்தது. அதனால் ஆறு வயதுக்குமேல் பள்ளியை விட்டுவிடும் யோசனைக்கு நான் வர மாட்டேன். இது என் கருத்து. வேறு மாதிரி நினைப்பவர்கள் இருக்கலாம்.

சட்டமும் ஆறு வயதைத்தான் கோடாக வைத்திருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்து, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது 6 முதல் 14 வயதுக்கானது. அதற்கு முன் பிள்ளை வீட்டில் இருந்தால் யாரும் உங்களைக் கேட்க முடியாது. 'எல்.கே.ஜி படிக்கலைன்னா ஒண்ணாவது சேர்க்க மாட்டாங்க' என்று பயமுறுத்துவார்கள், நம்பாதீர்கள். சேர்க்கையின்போது பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைக்கக் கூடாது என்கிறது பிரிவு 13. வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது பிரிவு 14. டி.சி. வரத் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்க முடியாது. ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எங்கள் மாடி வீட்டுப் பையனுக்கு இதைச் சொல்லித்தான் அரசுப் பள்ளியில் இடம் வாங்கினோம். நடுவில் படிப்பு விட்டுப்போன பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, தனிப் பயிற்சியும் கொடுக்கச் சொல்கிறது பிரிவு 4.

ஆறு வயதுக்குப் பிறகும் வீட்டிலேயே படிக்கலாமா என்பதை அந்தச் சட்டம் நேராகச் சொல்லவில்லை. பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று பிரிவு 10-ல் இருக்கிறது. அப்படியும் வீட்டில் படிப்பவர்கள் 14 வயதுக்குப் பிறகு தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் மூலம் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறார்கள். முழு நேரமும் கூடவே இருக்கும் ஒருவர் வீட்டில் இருந்தால் அது நடக்கும். ஷிஃப்ட் வீடுகளுக்கு அது சரிப்படாது.

எங்களுக்குப் பள்ளியும் வேண்டும், வீடும் வேண்டும். கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு, 2021 அக்டோபர் 27-ல் மரக்காணம் பக்கத்தில் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கினார்களே, நினைவிருக்கிறதா? ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை, தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் தெருவிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைதான். எங்கள் தெருவில் அப்படிச் சொல்லிக்கொடுத்த பெண் ஏற்கெனவே கம்பெனி வேலையை விட்டவள், குழந்தைக்காக. பாடம் கேட்க வரும் அண்ணன்களோடு அவர்கள் தம்பி தங்கைகளும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவள் விரட்டவே மாட்டாள்.

தொட்டிலுக்கு எங்கே இடம்?

அத்தை இல்லாவிட்டால் இதில் பாதி நடந்திருக்காது என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். போன வருடம் கண் ஆபரேஷனுக்காக அவர் ஒன்றரை மாதம் ஊரில் இருந்தார். கதையும் பல்லாங்குழியும் எல்லாம் போய், பழையபடி மியூட் செய்த போன். வீட்டில் சொல்லிக்கொடுங்கள் என்று அறிவுரை சொல்பவர்கள், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பதே இல்லை.

வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காகப் பெரிய விடுதி கட்டியிருக்கிறார்கள். 18,720 பேர் தங்கலாம், செலவு 706 கோடியே 50 லட்சம். 2024 ஆகஸ்ட் 17-ல் திறந்தார்கள். நல்ல விஷயம்தான். ரூமுக்குப் பத்துப் பேர் என்று அடைந்துகிடந்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆனால், அந்தப் பெண்களுக்கும் கல்யாணம் ஆகும், குழந்தை பிறக்கும். அதற்குப் பிறகு அவர்கள் எங்கே என்று எங்கள் லைனில் தேடிப் பார்த்தால், 30 வயதைத் தாண்டியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வேலை செய்யத் தெரியாமல் யாரும் நிற்கவில்லை. பிள்ளையை விட இடம் இல்லாமல்தான் நின்றார்கள்.

இதற்குச் சட்டம் புதிதாக வர வேண்டியதில்லை. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 48-வது பிரிவே சொன்னது. மகப்பேறு பயன் சட்டத்தில் 2017-ல் செய்த திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்குக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. அம்மா ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்துவரலாம் என்றும் சொன்னது. பின்னால் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அந்த 50 என்ற வரம்பு இருக்கிறது. உங்கள் கம்பெனியில் காப்பகம் இருக்கிறதா, சிப்காட் பூங்காவில் பொதுவாக ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை விசாரியுங்கள். சில இடங்களில் ரூம் இருக்கும், பூட்டியிருக்கும். எங்கள் இடத்தில் அந்த ரூமில் பழைய சீருடை மூட்டைகள் கிடக்கின்றன.

பாப்பா இப்போது அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. எழுத்து கோணல்தான், 'ஞ' வந்தால் இன்னும் என்னைப் பார்ப்பாள். ஆனால், வகுப்பில் வாயை மூடுவதே இல்லை என்று டீச்சர் புகார் சொன்னார். அன்று கேசரி செய்தேன்.

அவளுக்கு இனிமேல் காப்பகம் தேவைப்படாது. எங்கள் லைனில் ஐந்து மாதக் கர்ப்பிணிகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் உட்கார்ந்து, அந்த மூட்டைகளை எடுத்துவிட்டு ரூமைத் திறக்கச் சொல்லி ஹெச்.ஆருக்கு ஒரு கடிதம் எழுதினோம். இதுவரை 43 கையெழுத்து. நைட் ஷிஃப்ட் ஆள்களிடம் இன்னும் வாங்கவில்லை. கடிதம் கட்டில்மேல் கிடந்தது. பாப்பா அதை எடுத்து, விரலை வைத்து, முதல் வார்த்தையை ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க ஆரம்பித்தாள்.

"ம... தி... ப்..."

உள்ளே அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அத்தைதான் சொன்னார், "சத்தமா படி கண்ணு, எனுக்குக் கேக்கல."